குழுவாக மெய்ப்புப் பார்ப்பதற்கான மென்பொருளை ஒருங்கிணைப்பு மொழியின் வழியில் கட்டுதல்: முழுமையான வழிகாட்டி

பலர் கூடிச் செய்யும் வேலைக்கு மென்பொருள் எழுதும்போது கணக்கீட்டுப் பகுதி அவ்வளவு கடினமானதன்று. ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்துணரியால் உரையாக்கவும், இரண்டு பிரதிகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் காட்டவும் தேவையான நிரல்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. யார் எந்தப் பக்கத்தை எடுக்கலாம், எடுத்தவர் பாதியில் காணாமல் போனால் அந்தப் பக்கம் யாரிடம் செல்லும், ஒரு சுற்று முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது என்னும் கேள்விகள்தாம் கடினமானவை. இவற்றுக்கான விடைகளைத் தனியாக எழுதி வைக்காமல் திரைகளுக்கும் பொத்தான்களுக்கும் பின்னால் அங்கங்கே நிபந்தனைகளாகத் தூவிவிட்டால், குழு ஆறு பேரிலிருந்து அறுபது பேராக வளரும்போது எந்த விதி எங்கே இருக்கிறது என்று எழுதியவராலேயே சொல்ல முடியாது.

ஒருங்கிணைப்பு எனப்படும் இந்தப் பகுதியைத் தனியே பிரித்து எழுத வேண்டும் என்னும் கருத்துக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் கெலெர்ன்டர் உருவாக்கிய லிண்டா என்னும் ஒருங்கிணைப்பு மொழியைப் பற்றிய விரிவான கட்டுரை 1985இல் வெளியானது. நிரலாக்கம் என்பது கணக்கீடும் ஒருங்கிணைப்பும் சேர்ந்தது, இரண்டும் தனித்தனி மொழிகளுக்கு உரியவை என்னும் வாதத்தை அவரும் நிக்கோலஸ் கரியேரோவும் 1992இல் முன்வைத்தனர். லிண்டா தன்னளவில் முழுமையான நிரல்மொழி அன்று. சி, ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளுடன் சேர்க்கப்படும் ஒருசில கட்டளைகளின் தொகுதி மட்டுமே அது. அந்தச் சிறுமைதான் அதன் வலிமை என்று நான் கருதுகிறேன்.

எடுத்துக்காட்டாக, பழைய அச்சு நூல்களை மின்னுரையாக்கும் தன்னார்வக் குழு ஒன்றுக்கான மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நூல்களை இலவச மின்னூல்களாக வெளியிடும் புராஜெக்ட் குட்டன்பெர்க் திட்டத்துக்கு உதவுவதற்காகச் சார்லஸ் ஃபிராங்ஸ் 2000இல் தொடங்கிய டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ், நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் பல சுற்றுகளில் வெவ்வேறு தன்னார்வலர்களிடம் அனுப்பும் முறையில் இயங்குகிறது. விக்கிமூலத்திலும் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கத்தை வேறொருவர்தான் சரிபார்த்ததாகக் குறிக்க முடியும். தமிழ் நூல்களுக்கு இந்த இரண்டாவது கண் மிகவும் தேவை. துணைக்காலும் ‘ர’கரமும் அச்சில் ஏறத்தாழ ஒரே வடிவத்தில் இருப்பதாலும், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘னை’ போன்றவை பழைய வடிவில் இருப்பதாலும், எழுத்துணரி தவறும் இடங்கள் முதல் வாசிப்பில் கண்ணில் படாமலே போய்விடுகின்றன.

படி 1: குழுவின் விதிகளை முழு வாக்கியங்களில் எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். தாமஸ் மலோனும் கெவின் கிரௌஸ்டனும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒருங்கிணைப்பு என்பது செயல்களுக்கு இடையிலான சார்புகளைக் கையாளுவது என்று வரையறுத்தனர். உங்கள் குழுவில் எந்தச் செயல் எதைச் சார்ந்திருக்கிறது என்று தேடினாலே விதிகள் வெளிப்படும். நம் எடுத்துக்காட்டில் அவை பின்வருமாறு அமையும்.

ஒரு பக்கத்தை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே திருத்தலாம். முதல் சுற்றில் பார்த்தவர் இரண்டாம் சுற்றில் அதே பக்கத்தைப் பார்க்கக் கூடாது. எடுத்த பக்கத்தை ஏழு நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் அது மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டும். எல்லாப் பக்கங்களும் இரண்டாம் சுற்றைக் கடந்த பின்னரே நூல் தொகுப்பாளரிடம் போகும். மூலநூலின் அச்சுப்பிழையைத் திருத்துவதா, அப்படியே விடுவதா என்பது போன்ற முடிவுகளை எல்லாரும் பார்க்கலாம், தொகுப்பாளர் மட்டுமே மாற்றலாம்.

இந்த வாக்கியங்களைக் குழுவினரிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். கூட்டுப்பணி மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று 1988இல் ஆராய்ந்த ஜொனாதன் குருடின், கூடுதல் வேலையைச் செய்பவர் ஒருவராகவும் அதன் பயனைப் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பதை முக்கியக் காரணமாகச் சுட்டினார். தொகுப்பாளருக்கு அழகான அறிக்கை கிடைப்பதற்காகத் தன்னார்வலர் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், அதை இந்தப் படியிலேயே நீக்கிவிடுங்கள்.

படி 2: பொதுவெளியையும் மூன்று வினைகளையும் புரிந்துகொள்ளுங்கள்

லிண்டாவின் மையத்தில் இருப்பது டியூப்பிள் வெளி. டியூப்பிள் என்பது மதிப்புகளின் வரிசை, அவ்வளவுதான். அறிவிப்புப் பலகையில் சீட்டுகளைக் குத்தி வைப்பது போல, நிரல்கள் தம் டியூப்பிள்களை இந்த வெளியில் இடுகின்றன. இட்டவர் யார், எடுக்கப்போகிறவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருவரும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒருவர் நள்ளிரவில் முடித்த பக்கத்தை இன்னொருவர் இரண்டு நாள் கழித்து எடுக்கும் தன்னார்வக் குழுவுக்கு இந்தப் பிணைப்பின்மை மிகவும் பொருந்துகிறது.

லிண்டாவில் அவுட் என்பது டியூப்பிளை வெளியில் இடும். இன் என்பது பொருந்தும் டியூப்பிள் ஒன்றை வெளியிலிருந்து நீக்கி எடுத்துத் தரும். ஆர்டி என்பது அதை நீக்காமல் படித்துத் தரும். புதிய செயலைத் தொடங்கும் இவால் என்னும் நான்காவது வினை நமக்கு இங்கே தேவைப்படாது. இந்த வழிகாட்டியில் இவற்றை இடு, எடு, பார் என்றே எழுதுகிறேன்.

இடு("பக்கம்", 47, "முதல் சுற்று")
எடு("பக்கம்", ?எண், "முதல் சுற்று")

இரண்டாவது வரியில் இருப்பது வார்ப்புரு. கேள்விக்குறி இட்ட இடத்தில் எந்த எண்ணும் பொருந்தும். மற்ற இடங்களில் மதிப்பு அப்படியே ஒத்திருக்க வேண்டும். பொருந்தும் டியூப்பிள் இல்லையென்றால், ஒன்று வரும் வரை எடு காத்திருக்கும். பல டியூப்பிள்கள் பொருந்தினால் எது கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே பக்கங்கள் எண் வரிசையில் வரும் என்று நம்பி எதையும் எழுதாதீர்கள். இருவர் ஒரே நொடியில் எடு என்று கேட்டாலும் 47ஆம் பக்கம் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். ஒரு பக்கம் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்னும் நம் முதல் விதி, தனிப் பூட்டு எதுவும் எழுதாமல் இந்த ஒரு வினையிலேயே நிறைவேறிவிடுகிறது.

படி 3: சொற்களஞ்சியத்தை வரையறுங்கள்

வெளியில் எந்த வகை டியூப்பிள்கள் இருக்கலாம், அவற்றை யார் இடலாம், யார் எடுக்கலாம் என்பதை ஒரே ஆவணத்தில் எழுதுங்கள். என் கருத்தில் முழு வேலையிலும் முக்கியமான ஆவணம் இதுதான். தரவுத்தள வரைபடத்தைவிட இதற்கு அதிக நேரம் கொடுக்கலாம். 240 பக்க நூல் ஒன்றுக்கு நமக்குத் தேவையானவை நான்கே வகைகள்:

("பக்கம்", எண், சுற்று, அணி)
("கையில்", எண், பெயர், தவணை எண், கெடு)
("மீதி", சுற்று, தொகை)
("முடிவு", பொருள், தீர்ப்பு)

தவணை எண், மீதி ஆகியவற்றின் பயன் அடுத்த படிகளில் வரும். முதல் வகையில் அணி என்னும் இடம் ஏன் வந்தது என்பதை இங்கே விளக்க வேண்டும். முதலில் பார்த்தவரே மீண்டும் பார்க்கக் கூடாது என்னும் விதியை லிண்டாவின் வார்ப்புருவால் நேரடியாகச் சொல்ல முடியாது. ‘இன்னாருடையது’ என்று அதில் கேட்கலாம். ‘இன்னாருடையது அல்லாதது’ என்று கேட்க வழியில்லை. பக்கத்தை எடுத்துப் பார்த்து, தான் ஏற்கனவே பார்த்தது என்றால் திரும்ப வைத்துவிட்டு மீண்டும் எடு என்று எழுதும் வழக்கம் உண்டு. அதே பக்கமே திரும்பத் திரும்பக் கைக்கு வந்து நிரல் முடிவில்லாமல் சுழலக்கூடும் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழுவை அ, ஆ என இரண்டு அணிகளாகப் பிரித்துவிட்டால், அ அணியினர் முதல் சுற்றில் முடித்த பக்கம் ஆ அணிக்கு உரியதாக வெளியில் இடப்படும்:

இடு("பக்கம்", 47, "இரண்டாம் சுற்று", "ஆ")

ஆ அணியைச் சேர்ந்தவரின் வார்ப்புருவில் கடைசி இடம் "ஆ" என்றே நிலையாக இருக்கும். இல்லாமையைச் சோதிக்கும் விதி, ஒத்திருப்பதைச் சோதிக்கும் விதியாக மாறிவிட்டது. ஒருங்கிணைப்பு மொழியோடு வேலை செய்யும்போது இந்த உத்தி திரும்பத் திரும்பக் கைகொடுக்கும்: வார்ப்புருவால் கேட்க முடியாத ஒன்றை, டியூப்பிளை இடுகிறவரே முன்கூட்டிக் கணக்கிட்டு ஓர் இடத்தில் எழுதிவிட வேண்டும்.

படி 4: ஒரு பக்கத்தின் பயணத்தை வரிவரியாக எழுதிப் பாருங்கள்

அ அணியைச் சேர்ந்த மாலதி என்னும் தன்னார்வலர் ‘அடுத்த பக்கம்’ என்னும் பொத்தானை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

எடு("பக்கம்", ?எண், "முதல் சுற்று", "அ")
இடு("கையில்", எண், "மாலதி", 1, கெடு)

அவர் திருத்தி முடித்து அனுப்பும்போது நடப்பது இது:

எடு("கையில்", 47, "மாலதி", 1, ?கெடு)
இடு("பக்கம்", 47, "இரண்டாம் சுற்று", "ஆ")
எடு("மீதி", "முதல் சுற்று", ?தொகை)
இடு("மீதி", "முதல் சுற்று", தொகை - 1)

திருத்திய உரையே இந்த வரிகளில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உரை தரவுத்தளத்தில் இருக்கட்டும். வெளியில் அதைப் பற்றிய செய்தி மட்டும் போதும்.

மீதி என்னும் டியூப்பிள் சுற்றின் முடிவை அறிவதற்காக வைக்கப்பட்டது. வெளியில் முதல் சுற்றுக்குரிய பக்கம் ஒன்றுமே இல்லை என்பதால் சுற்று முடிந்துவிட்டது என்று முடிவு கட்டுவது பலரும் செய்யும் பிழை. பத்துப் பக்கங்கள் பத்துப் பேரின் கையில் இருக்கலாம். அனுப்பும்போது மட்டுமே குறையும் எண்ணிக்கை இருந்தால், தொகுப்பாளருக்கான நிரல் பார்("மீதி", "இரண்டாம் சுற்று", 0) என்று எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். தொகை பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் அது விழித்துக்கொள்ளும். எண்ணிக்கையை மாற்றுபவர் அதை முதலில் வெளியிலிருந்து எடுத்துவிடுவதால், இருவர் ஒரே நேரத்தில் குறைத்து ஒரு கழித்தல் தொலைந்துபோகும் ஆபத்தும் இல்லை.

படி 5: காணாமல் போகிறவர்களுக்காக வடிவமையுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தன்னார்வக் குழுவில் பாதியில் விட்டுச் செல்வது குற்றமன்று. தேர்வு வரும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஆர்வம் குறையும். மென்பொருள் அதை இயல்பான நிகழ்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஆபத்து கணினியின் பக்கம் இருக்கிறது. எடு நடந்து முடிந்து, கையில் என்னும் டியூப்பிளை இடுவதற்கு முன் சர்வர் நின்றுபோனால், 47ஆம் பக்கம் வெளியில் எங்குமே இல்லை. யாரும் அதைத் தேடமாட்டார்கள். மீதி ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. தொடக்ககால லிண்டாவில் இதற்கு விடை கிடையாது. சன் நிறுவனம் ஜினி தொழில்நுட்பத்தோடு வெளியிட்ட ஜாவாஸ்பேசஸ், இதற்காகவே டிரான்ஸாக்‌ஷனையும் குத்தகைக் காலத்தையும் சேர்த்தது. சேர்ந்தே நடக்க வேண்டிய எடுவையும் இடுவையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்தால், பாதியில் நின்றால் எதுவுமே நடக்காததாகவே கருதப்படும். முந்தைய படியில் உள்ள நான்கு வரிகளும் அப்படி ஒரே கட்டுக்குள் இருக்க வேண்டியவை.

இரண்டாவது ஆபத்து மனிதரின் பக்கம். கெடு தாண்டிய கையில் டியூப்பிள்களைத் தேடியெடுத்து, பக்கத்தை மீண்டும் வெளியில் இடும் சிறு நிரல் ஒன்று மணிக்கொரு முறை ஓடட்டும். இப்போது மாலதி ஒன்பதாம் நாள் திரும்பி வந்து, தான் திருத்தியதை அனுப்புகிறார். அதற்குள் அதே பக்கம் வேறொருவரிடம் போயிருக்கும். தவணை எண் இல்லாவிட்டால் இன்னொரு சிக்கலும் வரும்: பக்கம் சுற்றி வந்து மீண்டும் மாலதிக்கே கிடைத்திருந்தால், பழைய சாளரத்திலிருந்து அனுப்பியதா, புதியதிலிருந்து அனுப்பியதா என்று பிரித்தறிய முடியாது. பக்கம் ஒவ்வொரு முறை கைமாறும்போதும் தவணை எண் ஒன்று கூட வேண்டும். கடைசியாகக் கொடுத்த எண்ணைத் தரவுத்தளத்தில் அந்தப் பக்கத்தின் பதிவோடு வைத்துக்கொள்ளலாம். 1 என்னும் எண்ணோடு வரும் பிரதிக்கு வெளியில் பொருந்தும் டியூப்பிள் இல்லை. ஆகவே அது பக்கத்தின் நிலையை மாற்றாது. இங்கே எடு காத்திருக்கும் வகையாக இருக்கக் கூடாது, பொருந்தாவிட்டால் உடனே இல்லை என்று சொல்லும் வகையாக இருக்க வேண்டும். லிண்டாவில் இன்பி என்பது அதற்கு உரியது.

அவ்வாறு தாமதமாக வந்த பிரதியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒருவர் மாலைநேரத்தைச் செலவிட்டுத் திருத்திய பக்கம் அது. அதைத் தனிப் பிரதியாகச் சேமித்து, இப்போது பக்கத்தை வைத்திருப்பவரின் திரையில் ஒப்பிட்டுப் பார்க்கும்படி காட்டுங்கள். கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பே நினைவூட்டி, ஒரே சொடுக்கில் காலத்தை நீட்டிக்கவும் வழி கொடுங்கள்.

படி 6: குழுவினர் ஒருவரையொருவர் பார்க்க வழி செய்யுங்கள்

தனியாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திருத்துகிறவருக்கு, மற்றவர்களும் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். கையில் என்னும் டியூப்பிள்களைப் பட்டியலிட்டாலே யாரிடம் எது இருக்கிறது என்று காட்டிவிடலாம். ஆனால் அடிப்படை லிண்டாவில் பார் என்பதைத் திரும்பத் திரும்ப அழைத்தால் ஒரே டியூப்பிளே மீண்டும் மீண்டும் கிடைக்கலாம். இந்தக் குறைக்காக யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் பொருந்தும் அனைத்தையும் ஒரே முறையில் படியெடுக்கும் வினையை முன்மொழிந்தனர். இன்றைய கருவிகளில் அதற்கு நிகரான வசதி இருக்கிறது.

முடிவு என்னும் வகையும் பார்ப்பதற்கே உரியது. ("முடிவு", "மூல அச்சுப்பிழை", "அப்படியே விடுக") என்று தொகுப்பாளர் இட்டது திருத்தும் பக்கத்தின் ஓரத்திலேயே தெரிந்தால், அதே கேள்வி குழுவின் வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் எழாது.

படி 7: இந்த முறை பொருந்தாத இடத்தை ஒதுக்குங்கள்

இருவர் ஒரே பத்தியில் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் டியூப்பிள் வெளி அதற்குரிய கருவி அன்று. ஒவ்வோர் எழுத்துக்கும் எடுத்து இட்டுக்கொண்டிருந்தால் ஒருவர் தட்டும்போது மற்றவர் காத்திருக்க வேண்டிவரும். குரோவ் என்னும் கூட்டுத் தொகுப்பானுக்காக எல்லிஸும் கிப்ஸும் 1989இல் வகுத்த வழிமுறையிலிருந்து இதற்கென்றே தனி ஆய்வு மரபு வளர்ந்திருக்கிறது. 2011இல் மார்க் ஷபீரோவும் உடனாய்வாளர்களும் முறைப்படுத்திய, பலர் ஒரே நேரத்தில் மாற்றினாலும் தானாக ஒன்றிணையும் முரண்படாத் தரவமைப்புகளைக் கொண்டு எழுதப்பட்ட ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் ஆகிய நிரலகங்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. நம் மென்பொருளில் நூலின் முன்னுரையைச் சேர்ந்து எழுதும் பக்கத்துக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம்.

படி 8: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கற்றுக்கொள்வதற்கு ரூபி மொழியில் மசடோஷி செகி எழுதிய ரிண்டா மிகவும் ஏற்றது. ரைட், டேக், ரீட் என்னும் பெயர்களில் நம் மூன்று வினைகளும் அதில் உள்ளன. அனைத்தையும் படிக்க ரீட் ஆல், மாற்றங்களை அறிய நோட்டிஃபை ஆகியவையும் உண்டு. வார்ப்புருவில் காலியிடத்துக்கு நில் (nil) என்று எழுத வேண்டும். ஆனால் அதன் டியூப்பிள்கள் நினைவகத்தில் மட்டுமே இருப்பவை. அந்த நிரல் நின்றால் எல்லாம் போய்விடும். ஆகவே உண்மையான குழுவின் வேலையை அதில் வைக்காதீர்கள்.

பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைப்பது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். டியூப்பிள் வகை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை போதும். 2016 தொடக்கத்தில் வெளியான 9.5 பதிப்பிலிருந்து ‘ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு’ என்னும் வசதி உள்ளது. பிறர் பிடித்திருக்கும் வரிசைகளைத் தாண்டி, கிடைக்கும் ஒன்றைப் பூட்டித் தருவதால், ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் என்னும் எடுவின் இயல்பு கிடைத்துவிடுகிறது. பொருந்துவது எதுவும் இல்லாதபோது அது காத்திருக்காது. மீதி போன்ற ஒற்றை டியூப்பிளுக்கு மட்டும் தாண்டாமல் காத்திருக்கும் சாதாரணப் பூட்டைப் பயன்படுத்துங்கள். லிசன், நோட்டிஃபை கட்டளைகளால் காத்திருக்கும் நிரல்களை எழுப்பலாம். அந்த நேரத்தில் இணைப்பில் இல்லாதவருக்கு அந்த அறிவிப்பு பிறகு வந்து சேராது என்பதால், இணைந்தவுடன் ஒரு முறை அட்டவணையையும் பார்க்கும்படி எழுத வேண்டும். இங்கே வினவலிலேயே ‘அல்லாதது’ என்று கேட்க முடியும் என்பதால், அணிப் பிரிப்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்த்தவரின் பெயரை டியூப்பிளில் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் பேசும் முறையை வரிசைப்படுத்துவது போல, யாருக்குப் பின் யார் என்பதே மையமான வேலைகளுக்கு ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் ஃபர்ஹாத் அர்பாப் உருவாக்கிய ரியோ மொழி வேறொரு பாதையைக் காட்டுகிறது. அதில் பொதுவெளி இல்லை. செய்திகள் செல்லும் கால்வாய்களை இணைத்து வரையும் வலையமைப்பே விதியாகிறது. இணைக்கப்படும் நிரல்களுக்கு அந்த விதி தெரியாது. மெய்ப்புப் பணிக்கு அது தேவையில்லை.

படி 9: வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

எடு முடிந்தவுடன் சர்வரை நிறுத்துங்கள். அனுப்பும் பொத்தானை இரண்டு சாளரங்களில் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கெடுவை ஒரு நிமிடமாக வைத்து ஐந்து பேரை ஒரே பக்கத்தைச் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஒரே ஒரு கணக்கைச் சரிபார்த்தால் போதும்: வெளியில் உள்ள முதல் சுற்றுப் பக்கங்களும், முதல் சுற்றுக்காகக் கையில் உள்ளவையும் கூடினால் மீதியின் தொகை வர வேண்டும். அதற்காகக் கையில் என்னும் டியூப்பிளிலும் சுற்றுக்கு ஓர் இடம் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு நிரல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து நின்றுபோகும் டெட்லாக் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் தேடுங்கள். அனுப்பும் நிரல் கையில் என்பதை எடுத்துவிட்டு மீதிக்காகக் காத்திருக்கிறது. அதே நேரத்தில், பக்கத்தை முதல் சுற்றுக்குத் திருப்பி அனுப்பும் தொகுப்பாளரின் நிரல் மீதியை எடுத்துவிட்டு அதே கையில் டியூப்பிளுக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகரா. பக்கத்தைச் சார்ந்தவற்றை முதலில், மீதியை எப்போதும் கடைசியில் என்று எடுக்கும் வரிசையைச் சொற்களஞ்சிய ஆவணத்திலேயே எழுதிவிட்டால் இது நேராது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, லிண்டாவின் வெளியில் நுழைந்த எவரும் எதையும் எடுக்கலாம். எனவே உலாவியிலிருந்து வெளியை நேரடியாகத் தொடவிடாமல், இடையில் உள்ள சர்வரே ‘அடுத்த பக்கம்’, ‘அனுப்பு’, ‘நீட்டி’ போன்ற குழுவின் செயல்களை மட்டும் ஏற்று, பயனரின் பெயரைத் தானே நிரப்ப வேண்டும்.

படி 10: விதி மாறும்போது

மூன்றாம் சுற்று ஒன்று வேண்டும் என்று குழு ஒருநாள் முடிவு செய்யும். அப்போது வெளியில் பழைய வடிவ டியூப்பிள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றை ஓடும்போதே மாற்ற முயலாமல், தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு டியூப்பிளிலும் நூலின் குறியீட்டுக்கு ஓர் இடம் வைத்து, ஒவ்வொரு நூலும் எந்தப் பதிப்பு விதிகளின்படி நடக்கிறது என்பதை நூலோடு சேர்த்துக் குறித்துவையுங்கள். புதிய நூல்கள் புதிய விதியில் தொடங்கட்டும். பழைய நூலின் கடைசிப் பக்கம் தொகுப்பாளரிடம் போய்ச் சேரும் வரை பழைய விதிக்கான நிரலும் அருகிலேயே ஓடட்டும். அதற்குப் பின் அதை நீக்கிவிடலாம்.